வாய்க்கு முந்திய கை

1813 ஏப்ரலில் திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. கருவில் இருக்கும்போதே அரசன் என்று முடிவாகிவிட்டதால் கர்ப்பஸ்ரீமான் என்ற பட்டத்தோடு பிறந்த பிள்ளை. பின்னாளில் சங்கீத உலகம் சுவாதித் திருநாள் என்று கொண்டாடிய அந்த மகாராஜாவைத் தூங்க வைக்க ஒரு தாலாட்டு தேவைப்பட்டது. இரயிம்மன் தம்பி எழுதிக் கொடுத்தார். மலையாள வீடுகளில் இன்றும் பாடப்படும் ‘ஓமனத்திங்கள்’ அதுதான். பாட்டு நெடுகக் கேள்விகள். இதுவா நீ, அதுவா நீ என்று குழந்தையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போகும். குழந்தைக்கோ பதில் சொல்ல வாய் வரவில்லை. வேறொரு வழி இருந்தது. அது பாட்டு எழுதியவரின் ஏட்டுக் கட்டிலேயே இருந்தது.

ஏனென்றால் இரயிம்மன் தம்பி தாலாட்டோடு நின்றவர் அல்ல. கீசகவதம், உத்தராசுயம்வரம், தக்ஷயாகம் என்று மூன்று கதகளி ஆட்டக்கதைகள் அவருடையவை. கதகளி நடிகன் மேடையில் வாய் திறந்து பேசுவதில்லை. பாடுகிறவர் பின்னால் நிற்பார். பேச்சு முழுவதும் நடிகனின் கையில். அடிப்படை முத்திரைகள் 24. அவற்றைச் சேர்த்தும் மாற்றியும் சண்டை போடலாம், காதலிக்கலாம், சாபம் கொடுக்கலாம். ஊரிலேயே பெயர்பெற்ற தாலாட்டை எழுதியவரும், கையால் பேசும் கலைக்குக் கதை எழுதியவரும் ஒரே மனிதர். ஆனாலும் தொட்டிலையும் முத்திரையையும் சேர்த்து வைக்கும் யோசனை அவருக்கு வரவில்லை. அடுத்த 170 வருடங்களுக்கு உலகத்தில் வேறு எந்த அறிஞருக்கும் அது சரியாக வந்ததாகத் தெரியவில்லை.

கோட்டைக்கு வெளியே, கிழக்கு வாசலைத் தாண்டினால் சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய அந்தத் தெரு கிள்ளிப்பாலம் வரை நீண்டது. பல சரக்கு, பாத்திரம், மஞ்சள், வெல்லம் என்று கடை போட்டவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். அந்த வீடுகளின் பாட்டிமார்களுக்குக் கையும் குழந்தையும் சேரும் சங்கதி தெரிந்தே இருந்தது. பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தை வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தபோது ஒன்பதாம் மாதத்துக்கு வைத்த பெயர் சப்பாணிப் பருவம். இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுகிற காலம். சாமி எங்கே என்றால் கைகூப்புவதும், காக்கா எங்கே என்றால் ஜன்னலைக் காட்டுவதும், சோறு தீர்ந்துபோனால் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவதும் எல்லா வீட்டிலும் நடந்தன. பாட்டிகள் ரசித்தார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், திருஷ்டி கழித்தார்கள். அதைப் பேச்சு என்று யாரும் எண்ணவில்லை. கைக்கும் மொழிக்கும் உறவு உண்டா என்று விசாரிக்க மேற்கே ஒரு கூட்டம் கூடியபோதோ, தீர்ப்பு கைக்கு எதிராகப் போனது.

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. பங்கேற்றவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்களில் காது கேளாதவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். வாய்ப்பேச்சே உயர்ந்தது, பள்ளிகளில் சைகைக்கு இடம் இல்லை என்று பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேறியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைகை தெரிந்த ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஆசிரியரின் உதட்டைப் பார்த்து உச்சரிப்பு பழகினார்கள். சைகை செய்தால் தண்டனை. அதற்குச் சில வருடம் கழித்து, 1890-களில், பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி தமிழ்க் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியபோது உலகம் இந்தத் தீர்மானத்தின் நிழலில்தான் இருந்தது. வகுப்பறையில் விரட்டப்பட்ட கை எங்கே போயிற்று? விடுதிக்குப் போயிற்று. விளக்கு அணையும் வரை பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கையால் கதை சொன்னார்கள். அந்தக் கதைகளை மொழி என்று ஏற்க ஒரு இலக்கண வாத்தியார் தேவைப்பட்டார். வந்தவரோ பழைய ஆங்கிலக் கவிதை நடத்தும் வாத்தியார்.

வில்லியம் ஸ்டோக்கி 1955-இல் வாஷிங்டனில் உள்ள காலடெட் கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தார். காது கேளாத மாணவர்களுக்கான கல்லூரி. அவருக்குச் சைகை தெரியாது, கவிஞர் சாசர் தெரியும். வந்த இடத்தில் மாணவர்கள் தங்களுக்குள் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கையின் வடிவம் ஒன்று, அது உடம்பில் இருக்கும் இடம் ஒன்று, அசைவு ஒன்று. இந்த மூன்றில் ஒன்றை மாற்றினாலும் பொருள் மாறுகிறது. வாய்மொழியில் ஓர் ஒலி மாறினால் சொல் மாறுவது போலத்தானே இது? 1960-இல் அதைச் சிறு நூலாக வெளியிட்டார். பாராட்டு வரவில்லை. சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். காது கேளாத சிலருக்கே, இவருக்கு வேறு வேலை இல்லையா என்று தோன்றியது. அவர்களும் தங்கள் கையைத் தாழ்வாகவே எண்ணப் பழக்கப்பட்டிருந்தார்கள். ஸ்டோக்கி விடவில்லை, 1965-இல் இரண்டு சகாக்களோடு அகராதியும் போட்டார். சைகை மொழிதான் என்பதை ஊர் கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கியது. அதை முதலில் பயன்படுத்திக்கொண்டது மனிதக் குழந்தை அல்ல என்பதுதான் வேடிக்கை.

முந்தைய தலைமுறையில் ஹேய்ஸ் தம்பதி விக்கி என்ற சிம்பன்ஸிக் குட்டியை வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்துப் பேச வைக்கப் பார்த்தார்கள். வருடக்கணக்கில் உதட்டைப் பிடித்துப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தும் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வரவில்லை. விக்கியின் படச்சுருளைப் பார்த்த ஆலன் கார்ட்னர், பியாட்ரிக்ஸ் கார்ட்னர் தம்பதிக்கு வேறொன்று கண்ணில் பட்டது. வாய் வராத அந்தக் குட்டியின் கை சும்மா இருக்கவில்லை. 1966-இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் வாஷோ என்ற குட்டியை வளர்க்கத் தொடங்கினார்கள். அதன் முன்னால் யாரும் பேசக் கூடாது, சைகை மட்டும். வாஷோவைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் இரண்டு கையையும் நெஞ்சருகே சேர்த்துத் தடுக்கும். ‘இன்னும்’ என்பதற்கான அமெரிக்கச் சைகையும் ஏறக்குறைய அதே அசைவுதான்: விரல் நுனிகளைக் குவித்து இரண்டு கையையும் ஒன்றோடொன்று தட்டுவது. தடுத்த கையை அந்த வடிவத்துக்குத் திருப்பினார்கள். வாஷோ கற்ற முதல் சில சைகைகளில் ‘இன்னும்’ ஒன்றானது. இந்தச் சைகையை நினைவில் வைப்பது நல்லது. கதையில் அது இன்னொரு முறை, வேறு கையில் வரும்.

வாஷோ நூற்றுக்கு மேற்பட்ட சைகைகள் பழகியது என்று செய்தி பரவியதும் ஆளாளுக்குக் குரங்குக் குட்டி வாங்கினார்கள். 1979-இல் கூத்து முடிந்தது. நிம் என்ற சிம்பன்ஸியை வைத்து ஆராய்ந்த ஹெர்பர்ட் டெர்ரஸ், தன் படச்சுருள்களையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, இது பேச்சு அல்ல, பயிற்றுநரின் கையைப் பார்த்துப் போடும் நகல் என்று எழுதினார். சொந்த ஆராய்ச்சியைத் தானே கவிழ்த்த நேர்மை அது. ஆராய்ச்சிப் பணம் வற்றியது. ஆனால் ஒரு கேள்வி வற்றாமல் கிடந்தது. குரங்குக்குக் கொடுத்துப் பார்த்ததை, பேச்சு வருவதற்கு முந்தைய மனிதக் குழந்தைக்குக் கொடுத்தால் என்ன? விடை எந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் கிடைக்கவில்லை. ஒரு ரோஜாச் செடியின் பக்கத்தில் கிடைத்தது.

1982. கலிபோர்னியா மாநிலத்தின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் லிண்டா அக்ரிடோலோ உளவியல் பேராசிரியை. அவருடைய துறை மொழி அல்ல. குழந்தைகள் இடத்தையும் திசையையும் எப்படி நினைவில் வைக்கின்றன என்பதுதான் அவர் ஆராய்ந்த விஷயம். மொழி ஆராய்ச்சிக்காரராக இருந்திருந்தால் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். நடந்தது கண்ணில் பட்டிருக்காது. அவருடைய மகள் கேட்டுக்கு ஏறக்குறைய ஒரு வயது. தோட்டத்தில் ஒரு பூவைக் காட்டிய குழந்தை, மூக்கைச் சுளித்து இரண்டு மூன்று தடவை உறிஞ்சியது. அம்மா பூவை முகர்ந்து காட்டியதன் நகல் என்று விட்டுவிடலாம். ஆனால் தூரத்தில் இருந்த பூவுக்கும் கேட் அதையே செய்தாள், படத்தில் இருந்த பூவுக்கும் அதையே செய்தாள். முகர முடியாத பூவை ஏன் முகர வேண்டும்?

விடை ஒரு குழந்தை மருத்துவரின் வரவேற்பறையில் பாதி கிடைத்தது. அங்கே ஒரு மீன்தொட்டி. கேட் அதன் அருகே போய் ஊதினாள். மறுபடி ஊதினாள். சூடாக எதுவும் இல்லை, அணைக்க மெழுகுவத்தியும் இல்லை. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று இரவு குழந்தையைத் தொட்டிலில் போட்டபோதுதான் மீதிப் பாதி. தொட்டிலுக்கு மேலே மீன் பொம்மைகள் தொங்கின. தினமும் தூங்கப்போகும்போது அம்மா அவற்றை ஊதி ஆட வைப்பது வழக்கம். கேட் மருத்துவமனையில் சொன்னது ‘மீன்’. ஊதியது மூச்சு அல்ல, சொல். சிலந்தியைப் பார்த்தால் இரண்டு விரலை உரசுவதும் அப்படித்தான் வந்திருந்தது. சிலந்திப் பாட்டுக்கு விரலால் அபிநயம் பிடித்ததன் மிச்சம். ஒருவரும் கற்றுத் தராத அகராதி ஒன்றை ஒரு வயதுக் குழந்தை தானே எழுதிக்கொண்டிருந்தது. என் கணக்கில் இந்தக் கதையின் நிஜமான கண்டுபிடிப்பாளர் கேட்தான். பேராசிரியை செய்தது குறிப்பெடுத்ததும், கூட ஒருவரைச் சேர்த்துக்கொண்டதும்.

சேர்ந்தவர் சூசன் குட்வின். இருவருமாக 1985-இல் கேட்டின் கதையை ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஒரு குழந்தை, அதுவும் ஆராய்ச்சியாளரின் சொந்தக் குழந்தை. சந்தேகப்பட எல்லாக் காரணமும் இருந்தது. ஆகவே மற்ற அம்மாக்களிடம் போனார்கள். உங்கள் பிள்ளை இப்படி ஏதாவது செய்கிறதா என்று கேட்டதும் கதைகள் கொட்டின. கேட் அபூர்வப் பிறவி அல்ல. பெரும்பாலும் விளையாட்டிலிருந்தும் தினசரி வழக்கத்திலிருந்தும் குழந்தைகள் தங்களுக்கென்று சில சைகைகளை உண்டாக்கிக்கொள்கின்றன என்று 1988-இல் எழுதினார்கள். அடுத்த படி தெளிவாக இருந்தது. தானாக வருவதைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால்? அதற்கிடையில் வேறு இரண்டு மூலைகளிலிருந்து ஆட்கள் அதே வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

ஒருவர் ஜான் பான்வில்லியன். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த 11 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1983-இல் சகாக்களோடு ஒரு கட்டுரை எழுதினார். வீட்டில் சைகையே பேச்சு; அந்தக் குழந்தைகளின் முதல் சைகை சராசரியாக எட்டரை மாதத்தில் வந்தது. வாய்ச்சொல் வழக்கமாக ஒரு வயதை ஒட்டித்தான் வரும். பிள்ளைத்தமிழ் சப்பாணிக்குச் சொல்லும் ஒன்பதாம் மாதத்தை ஒட்டி அமெரிக்கக் கணக்கு வந்து நின்றது தற்செயல்தான். ஆனாலும் கையின் தசை வாயின் தசையைவிட முந்தி வசப்படுகிறது என்பது இரண்டு இடத்திலும் ஒரே உண்மை. எட்டரை மாதத்துக் கையசைவு நிஜச் சொல்லா, வெறும் அபிநயமா என்ற சண்டை பிற்பாடு வந்தது. அந்தச் சண்டை தொடங்கும் முன்பே இன்னொருவர் செயலில் இறங்கிவிட்டார்.

அலாஸ்காவில் இருந்த ஜோசப் கார்சியாவுக்குக் காது கேட்கும். காது கேளாத நண்பர்களால் சைகைமொழி பழகியவர். அந்த நண்பர்களின் வீட்டில், காது கேட்கும் குழந்தைகள் வாய் பேசுவதற்கு முன்பே பெற்றோரிடம் பால் கேட்டதையும், போதும் என்றதையும் பார்த்தார். அந்த வயதில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. 1980-களின் பிற்பகுதியில் இதையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். அவர் கட்சி வேறு: குழந்தையே உண்டாக்கும் சைகை எதற்கு, காது கேளாதோர் பேசும் நிஜ மொழியின் சைகைகளையே கொடுக்கலாமே. கலிபோர்னியாவில் மூக்குச் சுளிப்பு, அலாஸ்காவில் முறையான சைகை. எது வெல்லும் என்று தெரிவதற்குள் மான்ட்ரியலிலிருந்து ஒரு அதிர்ச்சி வந்தது.

லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் 1991-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் கையால் மழலை பேசுகின்றன. மற்றக் குழந்தை பாபா மாமா என்று பொருளின்றி அசைகளை அடுக்குவது போல, இவை பொருளின்றிக் கைவடிவங்களை அடுக்குகின்றன. மழலை நாக்கின் சொத்து என்று காலகாலமாக இருந்த நம்பிக்கை ஒரே கட்டுரையில் ஆட்டங்கண்டது. மூளைக்குள் இருக்கும் மொழி, கிடைத்த வாசல் வழியாக வெளியே வருகிறது; வாய் அதில் ஒரு வாசல். மிலான் தீர்மானத்துக்கு விஞ்ஞானம் தந்த பதில் இதுதான் என்று சொல்லலாம். 111 வருடம் தாமதமாக வந்த பதில். அதன் பலன் முதலில் காது கேளாத குழந்தைகளுக்குத்தானே போயிருக்க வேண்டும்? அப்படி நடக்கவில்லை.

அக்ரிடோலோவும் குட்வினும் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியோடு 103 குழந்தைகளை 11 மாத வயதில் சேர்த்து மூன்று குழுவாகப் பிரித்திருந்தார்கள். ஒரு குழுவின் பெற்றோருக்குச் சைகை, ஒன்றுக்கு வாய்ப்பேச்சுப் பயிற்சி, ஒன்றுக்கு ஒன்றும் இல்லை. எல்லாரும் பயந்த கேள்வி ஒன்று இருந்தது: கையால் காரியம் நடந்துவிட்டால் குழந்தை வாயைத் திறக்கச் சோம்பல்படாதா? சோம்பல்படவில்லை. சைகைக் குழுவே சில காலம் பேச்சிலும் முந்தி நின்றது. மூன்று வயதை எட்டியபோது இடைவெளி பெரும்பாலும் மறைந்திருந்தது. இந்த முடிவு ஆய்விதழில் அச்சேறியது 2000-இல். ஆனால் பொறுமை இல்லாத புத்தகம் ஒன்று 1996-லேயே கடைக்கு வந்துவிட்டது. அதன் பெயர் ‘பேபி சைன்ஸ்’.

அப்படித்தான் அந்தப் பொருள் பிறந்தது. இன்று குழந்தைக்கான அட்டைப்படங்களிலும், கைபேசிக் காணொளிகளிலும், காப்பகச் சுவரிலும் சாதாரணமாகக் கிடக்கும் பேபி சைன். முஷ்டியை மூடித் திறந்தால் பால். மாட்டின் மடியைக் கறக்கும் அசைவு அது. கறவையை ஒருபோதும் பார்க்காத அடுக்குமாடிக் குழந்தை அதைச் செய்து பால் கேட்கிறது. குவித்த விரலை உதட்டில் தொட்டால் சாப்பாடு. விரித்த இரண்டு கையையும் புரட்டினால் ஆச்சு, போதும். குவித்த விரல் நுனிகளை ஒன்றோடொன்று தட்டினால் ‘இன்னும்’. வாஷோ கிச்சுக்கிச்சுக்குக் கூசிக் கற்ற அதே சைகைதான் ஒன்பது மாதக் குழந்தைக்குச் சொல்லித் தரும் முதல் பாடங்களில் ஒன்றானது. கார்சியாவும் 1999-இல் தன் புத்தகத்தைப் பெரிதாகக் கொண்டுவந்தார். காலப்போக்கில் அவர் பக்கமே கனத்தது; மூக்குச் சுளிப்புகள் போய், சந்தை முறையான சைகைகளின் பக்கம் சாய்ந்தது. சந்தை என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். கதை இங்கிருந்து கடைத்தெருவில் நடக்கிறது.

2002-இல் யூட்டா மாநிலத்தில் ரேச்சல் கோல்மன் என்ற பாடகி தன் தங்கையோடு சேர்ந்து ஒரு காணொளி தயாரித்தார். அவருடைய மகள் லியாவுக்குக் காது கேட்காது என்று ஒரு வயது கடந்த பிறகுதான் தெரிய வந்தது. பாட்டை நிறுத்திவிட்டுக் குடும்பமே சைகை கற்றது. லியாவோடு வளர்ந்த, காது கேட்கும் அக்கா தங்கை பிள்ளைகளும் அதையே பழகிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் லியாவோடு பேச வேண்டும் என்பதுதான் காணொளியின் நோக்கம். ‘சைனிங் டைம்’ என்ற பெயரில் அது தொடராக வளர்ந்து வீடு வீடாகப் போனது. காது கேளாத குழந்தைக்குத் துணை சேர்க்கப் பிறந்ததை, காது கேட்கும் குழந்தைகளின் பெற்றோர் வரிசையில் நின்று வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் அதைவிடப் பெரிய விளம்பரம் ஒன்று காசில்லாமல் கிடைத்தது.

2004 டிசம்பரில் வெளியான ‘மீட் தி ஃபாக்கர்ஸ்’ படத்தில் ராபர்ட் டி நீரோ, ஓய்வுபெற்ற உளவுத்துறைத் தாத்தா. பேரனுக்குச் சைகை கற்றுக்கொடுத்து, ராணுவப் பயிற்சி போல நடத்துவார். பேரனாக நடித்த இரட்டையர்கள் கையாலேயே பேசினார்கள். இத்தனை சைகைப் பயிற்சிக்குப் பிறகு படத்தில் அந்தக் குழந்தையின் வாயிலிருந்து வரும் முதல் சொல் ஒரு வசவு என்பது தனி நகைச்சுவை. படம் உலகெங்கும் 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. விளையாட்டுக் கிண்டல் விளம்பரமானது. வகுப்புகள், பயிற்றுநர் சான்றிதழ், அட்டை, பொம்மை என்று தொழில் பெருத்தது. கூடவே ஒரு எண்ணும் பரவியது: சைகை பழகிய குழந்தைகளுக்கு எட்டு வயதில் அறிவுத்திறன் 12 புள்ளி கூடுதல். 2000-இல் பிரைட்டன் நகர மாநாடு ஒன்றில் வாசிக்கப்பட்ட கணக்கு அது. முழு ஆய்வாக, மற்றவர்கள் சரிபார்த்த கட்டுரையாக அச்சேறாத கணக்கு. ஆனால் விளம்பரத்துக்கு அது போதும். பிள்ளையின் மூளைக்கு 12 புள்ளி என்றால் கடன் வாங்கியாவது வாங்கும் பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு.

ஊசி கனடாவிலிருந்து வந்தது. 2005-இல் ஒட்டாவா ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தேடிப் பிடித்து, தேறிய 17-ஐ வரிவரியாகப் படித்தார்கள். குழந்தைச் சைகையால் மொழி வளர்ச்சி கூடும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். 2013-இல் இங்கிலாந்தின் எலிசபெத் கர்க் குழுவினர் 40 குழந்தைகளை எட்டு மாதத்திலிருந்து 20 மாதம் வரை பின்தொடர்ந்தார்கள். சைகை பழகியவர்கள், பழகாதவர்கள், மொழியில் வித்தியாசம் இல்லை. குழந்தைகள் சைகையைக் கற்றார்கள், பயன்படுத்தினார்கள். பேச்சு தன் நேரத்துக்குத்தான் வந்தது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அளவுகோலை மறுபக்கம் திருப்பி அம்மாக்களை அளந்தபோது ஊசி நகர்ந்தது. சைகை கற்றுக்கொடுத்த அம்மாக்கள் குழந்தையின் வாய் சொல்லாததைக் கூடுதலாகக் கவனித்தார்கள். குழந்தை தானாகச் செய்ய விட்டார்கள். மாற்றம் விளம்பரத்தில் சொன்ன இடத்தில் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணில் இருந்தது.

அந்தக் கண்ணோட்டம் சாலைத் தெருவுக்குப் புதிதில்லை. பாத்திரக்கடை வைத்துக்கொண்டே அந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளில் வைத்த ஆ. மாதவன் காலத்திலும் சரி, அவர் 2021-இல் மறைந்த பிறகும் சரி, மூட்டை இறக்கும் சத்தத்திலும் ஆட்டோ ஹாரனிலும் வாய்ப்பேச்சு அங்கே பாதிதான் செல்லுபடியாகும். எதிர்வரிசை டீக்கடைக்கு இரண்டு விரலைத் தூக்கினால் இரண்டு டீ. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம் என்று இரண்டு மொழிக்கு நடுவில் வளரும் இடுப்புக் குழந்தை, தட்டைக் காட்டிக் கையை விரித்தால் இரண்டு மொழிக்காரர்களுக்கும் சோறு தீர்ந்தது புரியும். அந்தக் குழந்தைக்கு ஒருநாள் வாய் வரும், கை ஓய்வுக்குப் போகும். பேபி சைன் என்ற சரக்கு அந்த இடைப்பட்ட சில மாதத்துக்கானது. இருந்தால் சௌகரியம், இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. வாய் வரவே வராத குழந்தையின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கில்தான் இந்தக் கதை உறுத்துகிறது. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன என்பது அமெரிக்கப் புள்ளிவிவரம். அதாவது சைகையே தெரியாத வீட்டில். கேட்கும் பிள்ளைக்குக் காசு கொடுத்துச் சைகை கற்பித்த அதே காலத்தில், கேளாத பிள்ளையின் அம்மாவிடம் சைகை காட்டினால் பேச்சு வராது என்று சொல்லப்பட்டது. பேச்சு வழிப் பயிற்சி வீண் அல்ல. 1969-இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா கைக்குழந்தைப் பருவத்திலேயே செவிக்கருவி மாட்டிப் பேசப் பழக்கி எத்தனையோ பிள்ளைகளை மற்றப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. கேரள அரசு 2012-இல் தொடங்கிய சுருதிதரங்கம் திட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கு, காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவியைக் கொண்டுவந்தது. ஆனால் கருவி வரும் வரை, அது கைகொடுக்காவிட்டால் அதற்குப் பிறகும், குழந்தைக்கு ஒரு மொழி வேண்டுமே? பால், போதும், இன்னும் என்று பத்து அட்டை போதாது. முழு மொழி வேண்டும்.

2010 ஜூலையில் கனடாவின் வான்கூவரில் அதே சர்வதேச மாநாட்டின் வாரிசுகள் கூடி, மிலான் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்து அதை நிராகரித்தார்கள். 130 வருடம் கழித்து. இந்தியாவில் சைகை மொழிக்கென்று ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் டில்லியில் அமைந்தது 2015-இல். அதன் முதல் அகராதி 3000 சொற்களோடு 2018-இல் வெளிவந்தது. திருவனந்தபுரத்தில் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. சாலைக் கடைத்தெருவிலிருந்து பத்து கிலோமீட்டர் தொலைவில் ஆக்குளத்தில் இருக்கும் நிஷ், அதாவது தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம், 1997-இல் கேரள அரசு அமைத்தது. கைக்குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சியிலிருந்து, காது கேளாதோருக்கான பட்டப்படிப்பு வரை ஒரே வளாகத்தில். அங்கிருந்தவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் வெகுநாளாக உறுத்தியது.

சைகைமொழியில் அன்றாடச் சொற்களுக்குச் சைகை உண்டு. ஆள்பெயர், ஊர்ப்பெயர் வந்தால் விரலால் எழுத்துக்கூட்ட வேண்டும். மலையாள எழுத்துகளுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட விரல்வடிவம் இல்லை. கதகளியின் 24 முத்திரை பிறந்த நாட்டில், பிள்ளைகள் தங்கள் பெயரை ஆங்கில எழுத்தால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நிஷ் அந்த வடிவங்களை ஒவ்வொன்றாக உருவாக்கியது. 2021-இல் அமைச்சர் ஆர். பிந்து அவற்றை வெளியிட்டார். அதற்கு முன் கோழிக்கோடு என்று கூட்ட, நடுவில் வரும் ழகரத்துக்கு இரண்டு ஆங்கில எழுத்து செலவாகும். இப்போது அதற்கு ஒரே கைவடிவம் போதும்.